டர்ன்டேபிள் ஊசியை மாற்றும் முன்பும் மாற்றும்போதும்

புது ஊசி வாங்கிப் போட்டவர்கள் பலர் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஏமாந்துபோகிறார்கள். வித்தியாசம் அங்கே அவ்வளவாகத் தெரியாது. அதே பக்கத்தின் கடைசிப் பாட்டை வையுங்கள். பாடகி ‘ச’, ‘ஸ’ என்று வரும் இடங்களில் குரல் கிழிகிறதா, வயலின் மேல் ஸ்தாயியில் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். ஊசிக்குக் கொடுத்த காசு அந்த இடத்தில்தான் பேசும்.

காரணம் எளிய கணக்கு. 12 அங்குல எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. ஓரத்தில், மையத்திலிருந்து சுமார் 14.6 செ.மீ. தூரத்தில், பள்ளம் ஊசிக்கடியில் விநாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. உள்பக்கம் 6 செ.மீ. தூரத்துக்கு வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. சுழற்சி அதேதான், ஆனால் அதே ஒலியை முன்பிருந்ததில் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் அடைத்தாக வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஓரத்தில் 51 மைக்ரான் நீளம் என்றால், கடைசிப் பாட்டில் 21 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரம் 15 மைக்ரான். அந்தக் குண்டு முனை 21 மைக்ரான் அலையின் மேடு பள்ளத்துக்குள் முழுதாக இறங்காது. மேலாகத் தாவிச் செல்லும். அந்தத் தாவல்தான் நமக்குக் கரகரப்பாகக் கேட்கிறது.

ஆகவே ஊசியை மேம்படுத்துவது என்றால், முனையின் பக்கவாட்டு ஆரத்தைக் குறைப்பது. நீள்வட்ட முனையில், அதாவது எலிப்டிக்கலில், அது 8 மைக்ரான் அளவு. ஷிபாட்டாவில் 7-ஐ ஒட்டி வரும். மைக்ரோலைன் முனையில் 3 மைக்ரான். பெட்டியில் 0.3×0.7 மில் என்று போட்டிருந்தால் முதல் எண்ணைப் பாருங்கள். ஒரு மில் என்பது 25.4 மைக்ரான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மலிவான ஊசிகளில் சிறு வைரத்துண்டை ஓர் உலோகக் கம்பியின் நுனியில் ஒட்டியிருப்பார்கள். இது ஒட்டு ஊசி. விலை கூடியவற்றில் முனை முழுவதுமே வைரம், நேராகக் கேன்டிலிவரில், அதாவது முனையைத் தாங்கும் மெல்லிய தண்டில், பதித்தது. இதை ‘நியூட்’ என்கிறார்கள். எடை குறைவு என்பதால் மேல் ஸ்தாயியில் சுறுசுறுப்பாக அசையும். வடிவம் ஒன்றே ஆனாலும் ஒட்டு எலிப்டிக்கலுக்கும் நியூட் எலிப்டிக்கலுக்கும் காதில் வித்தியாசம் தெரியும்.

உங்கள் கார்ட்ரிட்ஜ் எந்த ஜாதி?

கடைக்குப் போகும் முன் பதில் தெரிய வேண்டிய கேள்வி இது. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டி. செராமிக், எம்.எம். (நகரும் காந்தம்), எம்.சி. (நகரும் சுருள்) என்று மூன்று வகை.

தாத்தா காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயர்களிலும், இப்போது இணையத்தில் விற்கும் சூட்கேஸ் பிளேயர்களிலும் இருப்பது பெரும்பாலும் செராமிக். அதன் ஊசி தட்டை 5, 6 கிராம் எடையோடு அழுத்துகிறது. இதில் ‘மேம்படுத்த’ எதுவும் இல்லை. தேய்ந்த ஊசிக்குப் பதில் அதே மாதிரி புதியதைப் போடலாம், அவ்வளவே. அதற்குமேல் செலவழிக்கும் காசைச் சேர்த்து வைத்து நல்ல டெக் (டர்ன்டேபிள்) ஒன்று வாங்குவதே மேல். பழைய செராமிக் பலவற்றில் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். திருப்பினால் ஒரு பக்கம் 78-க்கான (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுக்கான) ஊசி, மறுபக்கம் எல்.பி.க்கான ஊசி. எல்.பி. பாழாவதற்கு இந்த நெம்புகோல் தவறான பக்கம் திரும்பியிருந்ததே போதும்.

எம்.சி. கார்ட்ரிட்ஜில் ஊசியை வீட்டில் கழற்ற முடியாது. முழு கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது மறு ஊசி பதித்துத் தரும் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அது வேறு கதை.

நமக்கு வேலை எம்.எம். வகையில். உடல் ஒன்று, ஊசிப் பகுதி ஒன்று. ஊசியை மட்டும் உருவி மாற்றலாம். ஒரே உடலுக்குப் பல தர ஊசிகள் பொருந்தும்படி தயாரிப்பாளர்கள் குடும்பம் குடும்பமாகச் செய்திருக்கிறார்கள். ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 குடும்பத்தில் சி, இ, இ.என்., எம்.எல்., எஸ்.எச்., எஸ்.பி. என்று ஆறு ஊசிகள். முறையே கூம்பு, ஒட்டு எலிப்டிக்கல், நியூட் எலிப்டிக்கல், மைக்ரோலைன், ஷிபாட்டா, 78-க்கானது. ஆறும் ஒரே உடலில் ஏறும். ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் டெக்கோடு வருவது இந்த வி.எம்.95இ-தான்.

ஆர்ட்டோஃபோன் 2எம் குடும்பத்தில் ஒரு வேலி இருக்கிறது. ரெட் உடலில் புளூ ஊசி ஏறும். பிரான்ஸ் உடலில் பிளாக் ஊசி ஏறும். ரெட் வைத்திருப்பவர் நேராக பிளாக் ஊசி வாங்குவது அந்த நிறுவனம் சொல்லும் வழியல்ல. புரோஜெக்ட் டெபியூ கார்பன் போன்ற டெக்குகளில் 2எம் ரெட் இருந்தால், புளூ ஊசி ஒன்றே அடுத்த படி. ஒட்டு முனையிலிருந்து நியூட் முனைக்கு; வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

ஏ.டி.-எல்.பி.60 போன்ற தானியங்கி டெக்குகளில் 3600 வகை ஊசி. கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் கையோடு (டோன்ஆர்ம்) சேர்ந்தது, எடையும் தொழிற்சாலையிலேயே வைத்தது. அதே உடலுக்கு எலிப்டிக்கல் முனை உள்ள ஊசிகளை வேறு தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். போடலாம், ஓரளவு முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் அதில் மைக்ரோலைன் தேடிப் போவது வீண். கையைத் திருத்த முடியாத இடத்தில் கூர்மையான முனைக்கு உரிய பலன் கிடைக்காது.

பழைய ஷூர் வைத்திருப்பவர்களுக்கு: அந்த நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே விட்டுவிட்டது. ஜப்பானின் ஜிகோ, ஷூர் உடல்களுக்கான மாற்று ஊசிகளைச் செய்கிறது. உடல் நன்றாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

எந்த ஊசி என்பதை உங்கள் அலமாரி சொல்லும்

இணையத்தில் யாரைக் கேட்டாலும் ‘மைக்ரோலைன் வாங்கு’ என்பார்கள். அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லும் யோசனை அது.

புதிதாக வெளியான தட்டுகளும், நல்ல நிலையில் உள்ள வெளிநாட்டு அச்சும் அதிகமென்றால் மைக்ரோலைன் சரியான தேர்வு. ஆடியோ டெக்னிகா சொல்லும் ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள்: ஒட்டு எலிப்டிக்கலுக்கு 300 மணி நேரம், கூம்புக்கு 500, ஷிபாட்டாவுக்கு 800, மைக்ரோலைனுக்கு 1,000. ஒரு எல்.பி. இரு பக்கமும் சேர்ந்து முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 300 மணி என்பது 400 தட்டு. தினம் ஒரு தட்டு கேட்பவருக்கு ஒரு வருடமும் ஒரு மாதமும். மைக்ரோலைன் அதே கணக்கில் மூன்றரை வருடம் தாண்டும். இ ஊசியைப்போல மூன்று மடங்கு விலை கேட்டாலும், மணிக் கணக்கில் பார்த்தால் அதிகச் செலவில்லை.

அலமாரி முழுக்க மூர் மார்க்கெட் பக்கம் பொறுக்கிய எச்.எம்.வி. இ.பி.க்களும், எண்பதுகளின் எக்கோ எல்.பி.க்களும் என்றால் யோசிக்க வேண்டும். அந்தத் தட்டுகளில் பல, கல்யாண வீடுகளிலும் டீக்கடைகளிலும் கனத்த ஊசியில் நூற்றுக்கணக்கான முறை ஓடியவை. கூம்பு முனை பள்ளத்தின் சுவரில் ஒரு சிறு இடத்தைத்தான் தொடும். அந்த இடம் தேய்ந்துபோயிருக்கும். மைக்ரோலைன், ஷிபாட்டா முனைகள் சுவரை மேலிருந்து கீழாக நீளவாக்கில் தொடுவதால், பழைய ஊசி படாத பகுதியையும் படிக்கும். சில தட்டுகள் இதனால் உயிர்பெற்று வரும். வேறு சிலவற்றில், அடியில் கிடக்கும் அழுக்கும் கீறலும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். எது நடக்கும் என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் நியூட் எலிப்டிக்கல் நடுவழி. மோசமாகத் தேய்ந்தவற்றுக்குக் கூம்பு ஊசி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, வி.எம்.95 மாதிரிக் குடும்பத்தில் ஊசி மாற்ற ஒரு நிமிடம் போதும்.

ஒன்று மட்டும் நிச்சயம். கழுவாத தட்டில் விலையுயர்ந்த ஊசியை இறக்கக் கூடாது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் காகித உறைக்குள் பூஞ்சை பிடிக்காத தட்டு அபூர்வம். கழுவ போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் உப்புப் படிவு பள்ளத்தில் நிற்கும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கடைசி அலசலாவது அதில்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது

பிரபல மாடல்களுக்குப் போலி ஊசி தாராளமாக வருகிறது. விலை பாதிக்கும் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது.

‘பழைய ஸ்டாக், பிரிக்காத பெட்டி’ என்று வரும் முப்பது நாற்பது வருட ஊசிகளிலும் கவனம் தேவை. வைரம் கெடாது. கேன்டிலிவரைப் பிடித்திருக்கும் ரப்பர் கெடும். நம்மூர் வெயிலில் பரணில் கிடந்த ரப்பர் கட்டியாகியிருக்கும், அல்லது கொழகொழவென்று இளகியிருக்கும். முதலாவது கரகரக்கும்; இரண்டாவதில் கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். இதே காரணத்தால், வாங்கிய ஊசியைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, கூர்மூக்குச் சாமணம், காந்தம் ஏறாத சிறு திருப்புளி, ரசமட்டம், சின்னக் கைக்கண்ணாடி, பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம். ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் முடிந்துவிடும். தராசை மட்டும் ஊசி எடைக்கென்றே செய்ததாக வாங்குங்கள். நகைத் தராசின் தட்டு எஃகு என்றால், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்து எடையைத் தப்பாகக் காட்டும். அதன் உயரமும் ஒரு பிரச்சினை: இசைத்தட்டின் மேற்பரப்பு உயரத்தில் அளந்தால்தான் எடை சரி. தராசு நம்பகமானதா என்று பார்க்க புது 20 ரூபாய் நாணயத்தை வையுங்கள்; 8.54 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும்.

கழற்றிப் பொருத்துவது

ஆம்ப்ளிஃபயரை அணையுங்கள். டெக்கின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். கையை அதன் தாங்கியில் வைத்துப் பூட்டுங்கள். கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் கழற்றக்கூடியது என்றால் அதைக் கழற்றி மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்வது நல்லது. கீழே விழும் சிறு துண்டுகள் கண்ணுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஊசிக்கு உறை இருந்தால் போடுங்கள். ஒரு கையால் கார்ட்ரிட்ஜ் உடலை இரு பக்கமும் பிடியுங்கள். மறு கையால் ஊசியின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடியுங்கள். கேன்டிலிவர் மீது நகம் பட்டாலும் வளைந்துவிடும். பழைய ஷூர் போன்றவற்றில் ஊசி நேராக முன்பக்கம் உருவி வரும். 3600 வகையில் முன்விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்த, பின்பக்கம் கீல் போல நின்று விடுபடும். லேசான விசைக்கு வரவில்லை என்றால் விசை போதவில்லை என்று நினைக்காதீர்கள், திசை தப்பு. குறிப்பேட்டின் படத்தைப் பாருங்கள்.

புதியதைப் பொருத்தும்போது முதலில் பின்பகுதி உள்ளே உட்கார வேண்டும், பிறகு முன்பகுதி. சிறு ‘க்ளிக்’ கேட்கும். கேட்ட பிறகும் உடலுக்கும் ஊசிக்கும் நடுவே முடி அளவு இடைவெளி தெரிந்தால் அது உட்காரவில்லை. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் குறைவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

இப்போது முன்பக்கமிருந்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். கேன்டிலிவர் உடலின் நடுக்கோட்டில் நேராக நிற்கிறதா? புது ஊசியே கோணலாக வருவதுண்டு. லேசாக என்றால் பொருட்படுத்த வேண்டாம்; பளிச்சென்று தெரிந்தால், தட்டில் வைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுங்கள். ஓட்டிவிட்டால் கடைக்காரர் வாங்கமாட்டார்.

ஊசி வேலை செய்கிறதா என்று விரல் நுனியால் தடவி ‘கர் கர்’ கேட்பது பெட்டி பிளேயர் காலத்துப் பழக்கம். செராமிக் அதைத் தாங்கியது. மைக்ரோலைன் ஊசியிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

முழு கார்ட்ரிட்ஜையும் மாற்றுகிறீர்கள் என்றால் நான்கு ஒயர்கள்: வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். சாமணத்தால் கிளிப்பின் உலோகத்தைப் பிடித்துத் தள்ளுங்கள். ஒயரைப் பிடித்தால் பற்ற வைத்த இடத்தில் அறுந்துவிடும். கிளிப் தளர்வாக இருந்தால் பல்குத்தியைச் செருகிக்கொண்டு லேசாக நெருக்குங்கள்.

எடை

ரசமட்டத்தைத் தட்டு சுழலும் பிளாட்டர் மேல் வைத்து, டெக் மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆன்டிஸ்கேட்டை, அதாவது கை மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பை, பூஜ்யத்தில் வையுங்கள். ஊசி உறையை எடுத்துவிடுங்கள். பின்பக்கத்துக் கனத்தைத் திருகி, கை தராசுக்கோல் போல மட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கையைத் தாங்கியில் பூட்டி, கனத்தை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் கனத்தையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி வேண்டிய எடைக்கு வாருங்கள். கடைசிப் படியில் வளையத்தை மட்டும் திருப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. எண் 2 என்று காட்டும், ஊசியில் எடையே இருக்காது.

பிறகு தராசில் சரிபாருங்கள். வளையத்தின் எண் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தப்பு காட்டுவது சாதாரணம். வி.எம்.95 குடும்பத்தில் 78 ஊசி தவிர மற்றவற்றுக்கு 1.8 முதல் 2.2 வரை, பரிந்துரை 2.0 கிராம். 2எம் ரெட், புளூ இரண்டுக்கும் 1.8. 3600 வகைக்கு 2.5 முதல் 3.5.

எடை குறைந்தால் தட்டு தேயாது என்று நினைத்துக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. பிடிமானம் இல்லாத ஊசி உரத்த இடங்களில் சுவரை விட்டு எழும்பி மறுபடி வந்து மோதுகிறது. அந்த மோதலில் விழும் தழும்பு நிரந்தரம். பரிந்துரைத்த எடையிலேயே தொடங்குங்கள். கரகரத்தால் வரம்புக்குள் 0.1 கிராம் கூட்டிப் பாருங்கள், குறைக்காதீர்கள். ஏ.சி.யைக் குளிரக் குளிர வைக்கும் அறையில் ரப்பர் இறுகுவதால் இந்த 0.1 தேவைப்படலாம்.

கோணம்

ஒரே குடும்பத்தில் ஊசியை மட்டும் மாற்றினால் கோணம் பெரிதாக மாறாது. ஆனால் எலிப்டிக்கல் பொறுத்துக்கொண்ட பிழையை மைக்ரோலைன் பொறுக்காது, அதனால் ஒருமுறை பார்த்துவிடுவது உசிதம். ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கும் அளவுத்தாளான புரோட்ராக்டர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதை அச்செடுங்கள். அச்சிடும்போது நூறு சதவீத அளவில் வைக்க வேண்டும். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று விட்டால் மொத்தமும் தப்பு. ஜெராக்ஸ் கடையில் எடுத்தால், தாளில் உள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்து அளந்த பிறகே காசு கொடுங்கள்.

பேர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகள். ஊசி முனையை ஒவ்வொரு புள்ளியிலும் இறக்கி, கேன்டிலிவர் அங்குள்ள கட்டங்களுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். உடலைப் பார்க்காதீர்கள், கேன்டிலிவரைப் பாருங்கள். இரண்டிலும் இணையாகும்வரை ஹெட்ஷெல் ஸ்க்ரூவைத் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஸ்க்ரூ இறுக்கும்போது நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி உறையைப் போட்டுவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 கைக்கு குறுக்குவழி இருக்கிறது: ஹெட்ஷெல் இணையும் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனைவரை 52 மி.மீ.

கைக்கண்ணாடியைத் தட்டின் இடத்தில் வைத்து ஊசியை அதன்மேல் இறக்கி முன்னிருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நின்றால் பக்கச் சாய்வு இல்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது, ஊசி தட்டில் இருக்கையில் கை தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். உயரம் மாற்றும் வசதி இல்லாத கை என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆன்டிஸ்கேட்டை எடைக்குச் சமமான எண்ணில் வைத்துத் தொடங்குங்கள்.

மின் பக்கம்

எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம் உள்ளீடு. கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் எம்.எம்.முக்கானது என்றால் எல்லாவற்றிலும் அது இருக்கும், கவலையில்லை. கவனிக்க வேண்டியது கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்தேக்குதிறன். வி.எம்.95 கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட். 2எம் ரெட் 150 முதல் 300. கையின் ஒயர், வெளிக் கேபிள், பிரீஆம்ப் மூன்றும் சேர்ந்த தொகை இது. பிரீஆம்பில் 220 இருந்து, இரண்டு மீட்டர் கேபிளும் போட்டால் வி.எம்.95-க்கு வரம்பு தாண்டிவிடும். சத்தம் மேலே கூர்மையாகி உறுத்தும். புது ஊசி ‘கத்துகிறது’ என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் முதலில் கேபிளைக் குட்டையாக்கிப் பார்க்கலாம்.

‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் டெக்கின் தனி கிரவுண்ட் ஒயர் பிரீஆம்பின் திருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வந்தால், பழைய அடுக்குமாடி வீடுகளில் சுவர் பிளக்கிலேயே எர்த் வேலை செய்யாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை உடைப்பது உயிரோடு விளையாடுவது.

கேட்டுச் சோதிப்பது

கச்சேரி எல்.பி. ஒன்றின் தொடக்கத்தில் தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடம் இருந்தால், சுருதி அலையாமல் நிற்கிறதா என்று முதலில் கேளுங்கள். அலைந்தால் ஊசிமேல் பழி போடாதீர்கள். தட்டு வளைந்திருக்கும், நடு ஓட்டை மையம் தப்பியிருக்கும், அல்லது டெக்கின் பெல்ட் தளர்ந்திருக்கும். அடுத்து நாதஸ்வரம். மேல் ஹார்மோனிக்ஸ் நிறைந்த, ஓங்கிய அந்த ஒலியைவிடக் கடினமான பரீட்சை ஊசிக்கு இல்லை. அது சுத்தமாக வந்தால் எடையும் கோணமும் ஏறக்குறைய சரி. கடைசியாக, உள்பக்கப் பாட்டில் பெண் குரல்.

கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் ஆன்டிஸ்கேட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். கை எப்போதும் மையத்தை நோக்கி இழுபடுவதால், இடது சேனல் இருக்கும் உள்சுவரில் ஊசி அழுந்தி, வலது சேனல் இருக்கும் வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். இரண்டிலும் என்றால் எடையையும் கோணத்தையும் மறுபடி பாருங்கள். ஒரு தட்டில் மட்டும் கரகரத்து, மற்ற நல்ல தட்டுகளில் இல்லை என்றால் அந்தப் பள்ளம் ஏற்கெனவே சேதமானது; எந்த ஊசியும் அதைச் சரிசெய்யாது. புது ஊசியின் ரப்பர் பதமாக இருபது முப்பது மணி நேரம் ஆகும், அதுவரை கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். அதற்குள் பிரீஆம்பையும் மாற்றினால் எதனால் எது மாறியது என்றே தெரியாது.

78 இருப்பவர்களுக்கு

இந்தியாவில் 78 தட்டுகள் அறுபதுகளிலும் வந்துகொண்டிருந்ததால் பல வீடுகளில் ஒரு கட்டு இருக்கும். அந்தப் பள்ளம் அகலம். அதற்குச் சுமார் 65 முதல் 75 மைக்ரான் முனை வேண்டும். எல்.பி. ஊசியை வைத்தால் அது சுவரைத் தொடாமல் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே படிக்கும். வைரம் உடையவும் கூடும். 2எம் 78 முனை 65 மைக்ரான். வி.எம்.95எஸ்.பி. ஊசி 3 மில், அதாவது 76 மைக்ரான். ஆனால் இது கேட்பது 5 கிராம் எடை. பல கைகளின் கனம் 3, 4 கிராமோடு நின்றுவிடும். வாங்கும் முன் உங்கள் கை எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள், டெக்கில் 78 வேகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

பராமரிப்பு

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஊசியை அதற்கான பிரஷ்ஷால், பின்னிருந்து முன்னாக மட்டும் ஒருமுறை வருடுங்கள். பக்கவாட்டிலோ முன்னிருந்து பின்னாகவோ கூடாது. வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரத்தில் தூசி பசையாகி முனையில் ஒட்டிக்கொள்ளும்.

கேட்ட நேரத்தைக் கார்ட்ரிட்ஜ் பெட்டியிலேயே பென்சிலால் தோராயமாகக் குறித்து வையுங்கள். தேய்ந்த முனை காதுக்குத் தெரியும் முன்பே அதன் ஓரங்கள் தட்டையாகி, விளிம்பு கத்தி மாதிரி பள்ளத்தைச் சீவ ஆரம்பித்துவிடும். எலிப்டிக்கல் 300 மணியை நெருங்கும்போதே அடுத்த ஊசிக்குச் சொல்லிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். கழற்றிய பழைய ஊசி இன்னும் தேயாதது என்றால் உறையோடு எடுத்து வையுங்கள், புதிதாக வாங்கிய கழுவாத தட்டைச் சோதிக்க உதவும். தேய்ந்ததென்றால் குப்பையில் போடுங்கள். நண்பருக்குக் கொடுத்தால் அவர் தட்டுகள்தான் பாழாகும்.